தேரோடும் வீதியும் மிதிவண்டித் தடமும்

இந்தக் கட்டுரைக்கு வித்திட்டது ஒரு வகுப்பறை விவாதம். 'நம் ஊருக்கு என்ன வேண்டும்' என்ற தலைப்பில் மாணவர்களைப் பேசச் சொல்லியிருந்தோம். தென்காசியைச் சேர்ந்த ஒரு மாணவி எழுந்து, தென்காசியிலிருந்து குற்றாலம் வரை மிதிவண்டிக்கெனத் தனித்தடம் அமைக்க வேண்டும் என்றாள். ஆறு கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவுதானே, சாரலில் நனைந்தபடியே போகலாமே என்றாள். வகுப்பு கைதட்டியது. மறுவாரம் அவள் தந்தையைக் கடைவீதியில் சந்தித்தோம். சிறிய ஜவுளிக்கடை வைத்திருப்பவர். "கடை வாசல்ல வண்டிய நிறுத்த எடமில்லன்னா சனம் எப்படி சார் உள்ள வரும்? எங்க யாவாரம் என்னத்துக்கு ஆவும்?" என்று கேட்டார். மகள் சொன்னதும் நியாயம், தந்தை கேட்டதும் நியாயம். விடை தேடி, நமக்குப் பழகிய வழியில் வரலாற்றுக்குள் புகுந்தோம்.

அரிகேசரி பராக்கிரம பாண்டியன் 1446ஆம் ஆண்டில் விசுவநாதர் கோயில் திருப்பணியைத் தொடங்கினான். கோபுரப் பணியை அவன் தம்பி குலசேகர பாண்டியன் நிறைவு செய்தான். பிற்காலத்தில் சிதைந்து நெடுங்காலம் மொட்டையாய் நின்ற அக்கோபுரம் மீண்டும் ஒன்பது நிலைகளோடு எழுந்து குடமுழுக்குக் கண்டது 1990இல். வாசகர்கள் பலரும் இதை அறிவர். கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளை மட்டும் நாம் அந்தக் கண்ணோடு பார்ப்பதில்லை. ரத வீதி என்பது என்ன? ஒரு வாகனத்திற்காக அளந்து விடப்பட்ட பாதை. அந்த வாகனமோ ஆண்டில் ஓரிரு நாள்களே உருள்வது. எஞ்சிய நாளெல்லாம் வீதி வணிகருக்கும் வண்டிமாட்டுக்கும் உரியது. தேர் வரும் நாளில் கடைக்காரர் சார்ப்பை இறக்குவார், பந்தல் காலைப் பிடுங்குவார், வாசற்பலகையை உள்ளே இழுத்துக்கொள்வார். ஒரு நாள் வணிகம் கெட்டாலும், தேர் பார்க்க வந்த கூட்டம் மறுநாள் அதை ஈடுசெய்துவிடும். இதில் முறையீட்டுக்கு இடமில்லாமற் போனதற்குப் பக்தி மட்டுமே காரணமன்று. தேரோட்டம் என்றைக்கு என்பது பஞ்சாங்கத்தில் இருந்தது. கடைக்காரர் முன்கூட்டியே அறிந்திருந்தார்.

அடுத்த பெரிய மாற்றம் இருப்புப்பாதையால் வந்தது. திருநெல்வேலியிலிருந்து வந்த பாதை 1903இல் செங்கோட்டையைத் தொட்டது. மலையைக் குடைந்து புனலூர் செல்லும் பகுதி 1904 நவம்பரில் திறக்கப்பட்டது. விருதுநகர்ப் பாதை 1927இல் தென்காசிக்கு வந்து சேர்ந்தது. ஆரியங்காவுக் கணவாய் வழியே மாட்டுவண்டியை நம்பியிருந்த சரக்குப் போக்குவரத்துக்கு ஒரு போட்டி பிறந்தது. நூறாண்டு கழித்து, அகலப்பாதைப் பணிக்காக 2010இல் மூடப்பட்ட செங்கோட்டை - புனலூர்ப் பகுதி 2018இல்தான் முழுமையாகத் திறக்கப்பட்டது. எட்டு ஆண்டுகள்! பெரிய வணிகர் லாரிக்கு மாறிக்கொள்ளலாம். ரயிலை நம்பி நிலைய வாசலில் கூடை இறக்குபவர் எதற்கு மாறுவார்?

இங்கே ஒரு சிறு விலகல். செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில் எல்லை பிரானூர்ப் பக்கம் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு இணைந்து எல்லை மேற்கே நகர்ந்துவிட்டது. 'பார்டர் பரோட்டா'வோ இன்றும் அங்கேயே கல்லில் வேகிறது. எல்லை போன பின்னும் கடைவீதி நிலைக்கும் என்பதற்கு இதைவிடச் சுவையான சான்று நமக்குக் கிட்டவில்லை.

மிதிவண்டித் தடம் பற்றிய சண்டை உலகுக்குப் புதிதன்று. இலண்டனில் 1934இல் வெஸ்டர்ன் அவென்யூவில் தடம் திறந்தபோது எதிர்த்தவர்கள் மிதிவண்டிக்காரர்களே; தங்களைப் பொதுச்சாலையிலிருந்து ஒதுக்கும் சூழ்ச்சி என்று அஞ்சினர். நெதர்லாந்தின் ஹேக் நகரில் 1970களில் தடம் அமைத்தபோது எதிர்ப்பு கடைக்காரர்களிடமிருந்து வந்தது. நம் ஜவுளிக்கடை நண்பர் கேட்ட அதே கேள்விதான். இதற்கு ஒரு வகையில் விடை தந்தது இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 2006இல் நடந்த ஆய்வு. தம் வாடிக்கையாளரில் 41 விழுக்காட்டினர் காரில் வருவதாக அங்குள்ள வணிகர்கள் மதிப்பிட்டனர். எண்ணிப் பார்த்தபோது 22தான். காரில் வந்தவர் கண்ணில் பட்டார். நடந்து வந்தவர் கணக்கில் விழவில்லை. டொரண்டோவின் புளோர் வீதியில் 2016இல் தடம் போட்ட பிறகு வாடிக்கையாளர் வரவும் செலவும் கூடின என்பதைத் தடத்தின் ஆதரவாளர்கள் ஓயாமல் எடுத்துக்காட்டுவர். ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட, அப்போது தடம் இல்லாத டான்ஃபோர்த் வீதியிலும் உயர்வு காணப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. தடம் கடையை அழிக்கவில்லை என்பது வரை அந்த ஆய்வு தாங்கும். தடத்தால்தான் கடை செழித்தது என்பதை அவ்வளவு உறுதியாகத் தாங்காது.

மறுபுறம், மிதிவண்டியை விரட்டினால் என்னவாகும் என்பதற்கு நம் நாட்டிலேயே பாடம் உண்டு. கொல்கத்தாக் காவல்துறை 2013இல் 174 சாலைகளில் மிதிவண்டிக்குத் தடை விதித்தது. பால்காரரும் செய்தித்தாள் போடுபவரும் தண்டம் கட்டினர். மிதிவண்டி என்பது பலருக்குச் சக்கரம் பூட்டிய கடை என்பதை ஆணை எழுதியவர்கள் மறந்துவிட்டனர்.

புதுக்கோட்டையின் கதை இதற்கு நேர்மாறானது. 1991இல், ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தின் பகுதியாகப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினர். ஓராண்டில் பெண்களுக்கான மிதிவண்டி விற்பனை ஒரு கடையில் மூன்று மடங்குக்கும் மேல் உயர்ந்ததைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்துள்ளார். அங்கே எவரும் தடம் போடவில்லை. ஓட்டுவோர் பெருகினர், கடை தானே பெருகியது. தடத்துக்கு முன் ஓட்டுவோர் வேண்டாமா என்ற ஐயம் நமக்கு இதனால் எழுகிறது. ஆனால் அரசு தரும் இலவச மிதிவண்டியில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் நம் ஊர்ச் சாலையின் ஓரத்தில், பேருந்துக்கும் சாக்கடைக்கும் இடையே ஒடுங்கிச் செல்வதைப் பார்க்கையில் அந்த ஐயம் தேய்ந்தும் போகிறது.

சென்னைப் பாண்டி பஜாரில் 2019இல் திறக்கப்பட்ட நடைபாதை வளாகத்தைப் பலர் புகழ்கின்றனர். நாமும் அங்கே சுகமாக நடந்ததுண்டு. அந்த நடைபாதையில் முன்பு கடை விரித்திருந்தவர்கள், அறுநூறுக்கும் மேற்பட்டோர், 2013லேயே ஒரு கட்டடத்துக்குள் அனுப்பப்பட்டுவிட்டனர். தெருவில் நடந்துகொண்டே வாங்கும் பொருளுக்காக எத்தனை பேர் படியேறுவர்? தெருவோர வணிகருக்கென நாடாளுமன்றம் 2014இல் சட்டம் இயற்றியது. கணக்கெடுப்பும் நகர விற்பனைக் குழுவும் வேண்டும் என்று அது சொல்கிறது. எந்தத் தடத்துக்கும் முன்னால் விரிக்க வேண்டிய ஏடு அதுதான் என்பது நம் கருத்து.

இனி குற்றாலம். பிரிஸ்டல் கணக்கை இங்கே அப்படியே ஒட்டவைக்க இயலாது. அங்கே வாங்குபவர் பக்கத்துத் தெருக்காரர். இங்கே வேனிலும் பேருந்திலும் வெளியூரிலிருந்து வருபவர். ஆனி பிறந்து சாரல் தொடங்கினால் ஆவணி வரை சீசன். நேந்திரம் சிப்ஸும் மங்குஸ்தானும் துண்டும் எண்ணெயும் விற்பவர்களுக்கு அந்த மூன்று மாதம்தான் ஓராண்டு. அருவியில் தண்ணீர் விழாத ஆண்டு ஏற்கெனவே ஓர் இடி. ஆடியில் சாலையைத் தோண்டிப் போட்டால் அது மற்றோர் இடி. தையிலோ மாசியிலோ தோண்டி, வைகாசிக்குள் மூடிவிட்டால் பலருக்கு இழப்பே தெரியாமற் போகலாம். தேருக்கு நாள் குறித்தவர்கள் நம் முன்னோர். சாலைப் பணிக்கும் அப்படி ஒரு நாளைக் குறித்து, குறித்த நாளில் முடித்துத் தருவார்களா என்பதே கடைக்காரரின் உள்ளார்ந்த அச்சம் என்று நமக்குப் படுகிறது. நான்கு அடி அகலத் தடத்தைவிட நாலு மாதப் பள்ளம்தான் அவரைத் தூங்கவிடாமல் செய்கிறது.

இவற்றையெல்லாம் அந்தத் தந்தையிடம் சொன்னோம். பிரிஸ்டல் கணக்கைக் கேட்டுச் சிரித்தார். மாணவி இப்போது சனிக்கிழமை மாலைகளில் கடை வாசலில் ஸ்டூல் போட்டு அமர்ந்து, வருபவர் நடந்தா, சைக்கிளிலா, பைக்கிலா, காரிலா என்று நோட்டில் கோடு போட்டு வருகிறாள். போன வாரம் அவ்வழியே சென்றபோது அவர் நம்மை நிறுத்தினார். "சும்மா சனிக்கிழமைய மட்டும் எண்ணினா ஆச்சா சார்? தீபாவளிக்கு முந்தின வாரத்தையும் சேத்து எண்ணச் சொல்லுங்க."