துஞ்சினார் என்னும் சொல்லும் தாராவிச் சிறுவர்களும்

நன்னூல் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுக்கிறது. செத்தாரைத் துஞ்சினார் என்பது மங்கலம். இவ்வழக்கு துயருற்ற சுற்றத்தாரைக் காக்கிறது. ஆனால், குணமாகாத நோயோடு படுத்திருக்கும் பதினைந்து வயதுச் சிறுவனையும் அது காக்கிறதா? பாலியேட்டிவ் கேர் எனப்படும் நோய்த்தணிப்புச் சிகிச்சையின் வரலாறு இக்கேள்வியோடு பிணைந்தது.

1965இல் கிளேசர், ஸ்ட்ராஸ் என்னும் சமூகவியலாளர் இருவர், மரணம் நெருங்குவதை நோயாளியும் சுற்றத்தாரும் அறிந்திருந்தும் அறியாதவர்போல் நடிக்கும் நிலையை விளக்கினர். மானிடவியலாளர் மைரா புளூபாண்ட் லாங்னர் அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளோடு பழகி, 1978இல் நூலொன்றை வெளியிட்டார். எவரும் சொல்லாமலே அக்குழந்தைகள் தம் முடிவை அறிந்திருந்தனர். பெற்றோருக்காக மௌனம் காத்தனர். அவர்களுக்கு வயது மூன்று முதல் ஒன்பது வரை. பதின்பருவத்தினர் அறியார் என்று கருத இடமேது?

2004இல் வெளிவந்த சுவீடன் ஆய்வொன்று, புற்றுநோயால் பிள்ளையை இழந்த பெற்றோரை வினவியது. பிள்ளையிடம் மரணம் பற்றிப் பேசிய 147 பேரில் ஒருவரும் வருந்தவில்லை. பேசாத 258 பேரில் 69 பேர் வருந்தினர்.

மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1941இல் பரேலில் திறக்கப்பட்டது. இந்தியாவின் முதல் ஹாஸ்பிஸ் எனப்படும் சாந்தி அவேத்னா சதன் 1986இல் பாந்திராவில் தோன்றியது. தாராவியை ஒட்டிய சயான் மருத்துவமனையில், 2014இல் குழந்தைகளுக்கான பகல்நேரப் பராமரிப்பு இல்லமாக ஹாப்பி ஃபீட் ஹோம் தொடங்கியது.

தாராவியை முன்னிறுத்தும்போது மேற்கண்ட ஆய்வுகள் எழுப்பாத கேள்வி ஒன்று எழுகிறது. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தலைமுறைகளாகக் குடிபெயர்ந்தோர் வாழும் இடம் அது. மருத்துவர் பேசுவது இந்தியும் மராத்தியும். தாய் தயங்காமல் பேசுவது தமிழ். இரண்டும் அறிந்தவன் பெரும்பாலும் பள்ளி செல்லும் பிள்ளை. அவனே நோயாளியாகும்போது, தன் நோய்முடிவைத் தானே தாய்க்கு மொழிபெயர்க்க நேரலாம். எதைச் சொல்வது, எதை விடுப்பது, எந்தச் சொல்லை மங்கலமாக்குவது என்ற முடிவுகளும் அவன்மீதே விழும். பெரியவர்கள் பிள்ளையிடம் மறைக்கிறார்கள் என்பதே நாம் கேட்டுப் பழகிய கதை. இங்கோ மறைக்கும் பொறுப்பு பிள்ளையின் கைக்கு மாறிவிடுகிறது.

சுவீடன் முடிவை அப்படியே இங்கு விதியாக்குதல் பொருந்தாது. நம் வீடுகளின் மௌனம் அன்பின் வடிவமாகவும் இருக்கிறது. அதனால்தான் துறைசார்ந்தோர் சொல்வதற்குமுன் கேட்கிறார்கள்: உனக்கு என்ன தெரியும்? இன்னும் என்ன தெரிந்துகொள்ள விரும்புகிறாய்? அப்போது யார் உடனிருக்க வேண்டும்? இவற்றை அவன் விரும்பும் மொழியில் கேட்கவும், விடையைத் தாயிடம் சேர்க்கவும் வேறொருவர் வேண்டும். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் மொழியியல் பயிலும் தமிழ் மாணவர்கள் இப்பணிக்குப் பயிற்சி பெற்றால், அச்சிறுவன் மொழிபெயர்ப்பாளனாக இராமல் மகனாக இருக்கலாம்.