கர்ப்பிணிகளின் புகைவிடுப்பு: மகப்பேற்றுத் தாதியர் பயிற்சி

கர்ப்பிணிகள் புகைபிடிக்கும் வழக்கத்தைக் கைவிடத் துணைபுரியுமாறு மகப்பேற்றுத் தாதியருக்கும் வைத்தியருக்கும் அளிக்கப்படும் இப்பயிற்சி, இங்கிலாந்தில் 2010-ஆம் ஆண்டின் தேசிய வழிகாட்டுதலுக்குப் பிறகு வலுப்பெற்றது. முதல் சந்திப்பிலேயே கர்ப்பிணியைச் சற்றே மூச்சடக்கச் சொல்லி, பின் கைக்கருவியின் குழலில் மெல்ல ஊதச் செய்து, கார்பன் மோனாக்சைடின் அளவைக் காணத் தாதி கற்கிறாள். பத்து லட்சத்தில் 4 பங்கோ அதற்கு மேலோ காட்டினால், சிசுவுக்குச் சேரவேண்டிய பிராணவாயுவின் இடத்தை இரத்தத்தில் அவ்விஷவாயு கவர்ந்துகொள்வதை விளக்கி, புகைவிடுப்பு ஆலோசகரிடம் அனுப்பிவைக்கிறாள். கருவியைக் கையாளுதல் எளிது. குற்றவுணர்ச்சியால் குன்றியிருக்கும் தாயிடம் கடிந்துரையாது பேசுதலே அரிது, ஆதலின் பயிற்சியில் ஒத்திகை உரையாடலுக்கும் இடமுண்டு. 'குறைத்துக்கொள்ளுங்கள்' என்பது போதிய அறிவுரையன்று; குறைப்பிரசவம், எடைக்குறைவு, இறந்து பிறத்தல் ஆகிய அபாயங்களைத் தணிக்க வல்லது முற்றிலும் விடுதலே.