தனுஷ்கோடி நிலையமும் தகரச் சீட்டும்

புகையிரதப் பாதைகளின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் பெரும்பாலும் பாலங்களையும் பொறியியலாளரையும் திறப்பு விழாக்களையும் விவரித்து முடித்துவிடுகின்றனர். அப்பாதைகளின் கடைசி நிலையத்தில் இறங்கியோர் யார், அவர்களை அங்கு கொண்டுவந்து இறக்கியது எது என்னும் வினா அவ்வேடுகளில் எழுவதேயில்லை. இராமேசுவரத் தீவின் தென்கிழக்குக் கோடியில், வடக்கே பாக்குக் கடலும் தெற்கே மன்னார் வளைகுடாவும் நெருக்கி நிற்கும் மணற்றிட்டின்மீது அத்தகையதொரு நிலையம் இருந்தது. இன்று அங்கே நிலைய அதிபர் இல்லை, சீட்டுக் கொடுப்பவர் இல்லை, தண்டவாளமும் இல்லை. இடிந்த சுவர்கள் சில மணலில் நிற்கின்றன. தனுஷ்கோடி நிலையம் என்று அதனை வழிகாட்டிகள் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டுகின்றனர். எமக்கோ அது வேடிக்கைப் பொருளன்று. மலையகத்து மக்களின் முன்னோர் பல்லாயிரவர் தாய்நாட்டு மண்ணைக் கடைசியாக மிதித்த இடம் அது.

1914ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் இலங்கையில் மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்குப் பாதை போடப்பட்டது. இரு கரைகளுக்கும் இடைப்பட்ட கடலை நீராவிக் கப்பல்கள் கடந்தன. சென்னையில் ஏறிய பிரயாணி தனுஷ்கோடித் துறையிற் கப்பலேறித் தலைமன்னாரில் மீண்டும் வண்டியேறிக் கொழும்பை அடைந்தான். ‘போட் மெயில்’ என்ற பெயர் இதனாலேயே வந்தது. பிற்காலத்து இரு கப்பல்களுக்கு இர்வின் என்றும் கோஷன் என்றும் பெயர். ஆண்டவர்களின் பெயர்கள் கப்பல்களுக்கு வாய்த்தன. அக்கப்பல்களில் ஏற்றப்பட்டவர்களின் பெயர்கள் கங்காணியின் கணக்கேட்டிலேயே தங்கிவிட்டன.

இத்தனை பொருட்செலவில் இப்பாதை எதற்காக அமைக்கப்பட்டது? தபாலும் வணிகமும் யாத்திரையும் காரணங்களே. ஆயினும் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது என்பதனை மறந்து இப்பாதையின் வரலாற்றை விளங்கிக்கொள்ள முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னிந்தியத் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளைவரை காட்டுப் பாதையில் நடந்தனர். வாந்திபேதியும் பசியும் காய்ச்சலும் அவ்வழியெங்கும் அவர்களைக் கொன்றன. புகையிரதம் அந்த நடையை ஒழித்தது. உயிர்களைக் காத்தது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் மனிதனைப் பொதியாக்கும் வேலையையும் அதுவே ஒழுங்காகச் செய்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த தகரச் சீட்டினை ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். வட்டமான சிறு தகரத் துண்டில் தோட்டத்தைக் குறிக்கும் எண் பொறிக்கப்பட்டிருக்கும். தொழிலாளி அதனைக் கழுத்திற் கட்டிக்கொள்ள வேண்டும். வண்டிச் செலவும் உணவுச் செலவும் அந்த எண்ணுக்குரிய தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும். தோட்டம் அதனைத் தொழிலாளியின் கடனாக எழுதிக்கொள்ளும். ஊரைவிட்டுப் புறப்பட்ட அன்றே அவன் கடனாளி! பார்சலில் விலாசம் ஒட்டுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? மண்டபத்தில் இலங்கை அரசாங்கம் நடத்திய முகாமில் சில நாட்கள் தடுத்துவைத்து, அம்மை குத்தி, நோயில்லை என்று கண்ட பின்னரே துறைக்கு அனுப்பினர். திறனில்லாத் தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதை இந்திய அரசாங்கம் 1939இல் தடைசெய்யும்வரை இந்த ஏற்றுமதி நடந்தது.

பின்னர் வந்தது மறுபயணம். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. 1,50,000 பேரின் கதி பிறகு பார்த்துக்கொள்ளப்படும். பொருட்களைப் பங்கிடுவதைப் போலப் பங்கிட்டார்கள். பங்கிடப்பட்டோரில் ஒருவரிடமேனும் கருத்துக் கேட்டார்களில்லை. 1948இல் அச்சட்டத்தை வன்மையாக எதிர்த்த லங்கா சமசமாஜக் கட்சி, இந்த ஒப்பந்தம் கைச்சாத்தான வேளையில் அமைச்சரவையில் அமர்ந்திருந்தது. இடதுசாரிகளாகிய நாம் இந்த உண்மையைச் சொல்லக் கூச வேண்டியதில்லை. சொல்லாமல் விடுவதற்கே கூச வேண்டும்.

ஒப்பந்தம் ஏற்பட்டு இரு மாதங்கள் நிறையுமுன், டிசம்பர் 22ஆம் நாள், வட இலங்கையைக் கடந்து சென்ற சூறாவளி அன்றிரவு தனுஷ்கோடியைத் தாக்கியது. பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் வண்டி நிலையத்தை நெருங்கும் வேளையில் பேரலையில் அகப்பட்டது. பயணிகளோடு ஊழியர் ஐவரும் மாண்டனர். வண்டியில் இருந்தோர் நூற்றுக்குச் சற்று மேற்பட்டோர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. சீட்டின்றி ஏறியோரையும் சேர்த்தால் தொகை மிகுதியாகும் என்பாரும் உளர். சீட்டு இருந்தால் மட்டுமே சாவும் கணக்கில் ஏறுகின்றது. ஊரில் இருந்த துறையும் தபாற்கந்தோரும் கோயிலும் தேவாலயமும் மீனவர் குடிசைகளும் ஒரே இரவில் அழிந்தன.

பாம்பன் பாலத்தின் பெரும்பாலான உத்திரங்கள் கடலில் வீழ்ந்தன. இளம் பொறியியலாளர் ஈ. ஸ்ரீதரனின் மேற்பார்வையில் 46 நாட்களில் பாலம் செப்பனிடப்பட்டது. அருஞ்செயல்தான், ஐயமில்லை. கடலடியில் உத்திரங்கள் கிடந்த இடங்களைக் காட்டி உதவியவர்கள் மீனவர்கள் என்பதும் அச்செயலின் பகுதியே. ஆனால் மீனவர்களின் தனுஷ்கோடிக்குத் தண்டவாளம் திரும்பவில்லை. ஊர் மனிதர் வாழத் தகுதியற்றது என்று அரசாங்கம் அறிவித்தது. அறிவிப்பு கடலில் மீன் இல்லை என்று சொல்லவில்லை. ஆதலால் மீனவர் குடும்பங்கள் சில திரும்பிவந்து, இடிபாடுகளின் அருகே ஓலைக் குடிசை கட்டி, மின்விளக்கின்றி நெடுங்காலம் வாழ்ந்தன. சுற்றுலாப் பயணிகள் செல்வதற்கான வீதியோ 2017இல் முனைவரை போய்ச் சேர்ந்தது.

தனுஷ்கோடித் துறை போனபின் கப்பல் தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குச் சென்றது. ஒப்பந்தப்படி அனுப்பப்பட்டோர் மலைநாட்டு நிலையங்களில் வண்டியேறினர். தகரப் பெட்டியும் பாத்திரமுமாக ஏறியவர்களைப் பெட்டிக்கு வெளியே நின்ற உறவினர் பற்றிக்கொண்டு கதறியதனால், அவ்வண்டியை மலையக மக்கள் அழுகைக் கோச்சி என்றனர். தேயிலையைத் தவிர வேறு தொழில் அறியாத அவர்களை மண்டபத்து முகாம் மீண்டும் வரவேற்றது. போகும்போது நோய் பார்த்த அதே முகாம், திரும்பும்போது கடவுச்சீட்டுப் பார்த்தது. 1983க்குப் பின்னர் போரிலிருந்து தப்பிப் படகேறியவர்களையும் அதுவே ஏற்றது.

1984இல் கப்பல் நின்றது. இந்தியக் குடியுரிமை பெற்றும் கப்பலேற இயலாமற்போன பல்லாயிரவர் தோட்டங்களிலேயே தங்கினர். 1990இல் தலைமன்னார்ப் பாதையும் போரினால் நின்றது. அப்பாதை 2015 மார்ச்சில் மீண்டும் திறக்கப்பட்டது. தங்கிவிட்டோருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறியது. 1948இல் நாடற்றவனான தொழிலாளி அப்போது உயிரோடிருந்திருப்பின், ஐம்பத்தைந்து ஆண்டுகள் காத்திருந்தவனாவான்.