வீட்டில் யார் நிற்பது?

யாழ்ப்பாணத்தில் ஒரு குடும்பம் உறவினர் வீட்டுக்குப் புறப்படுவதானால், எந்த வாகனத்தில் போவது, எத்தனை மணிக்குக் கிளம்புவது என்பவற்றுக்கு முன்னதாகத் தீர்மானிக்க வேண்டிய விடயம் ஒன்று இருந்தது. வீட்டில் யார் நிற்பது? பசுவுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும். ஆட்டுக்குக் குழை வெட்டிக் கட்ட வேண்டும். கோழிகளை மாலையில் கூட்டில் அடைக்க வேண்டும். நாய்க்குச் சோறு வைக்க வேண்டும். இவற்றுக்கு ஓர் ஆள் கிடைக்காவிட்டால் பயணம் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகும்.

எமது குடாநாட்டின் வரலாற்றை எழுதியோர் 1619, 1658, 1795 என்று ஆட்சி மாறிய ஆண்டுகளைக் கவனமாகக் குறித்துவைத்திருக்கின்றனர். போரின் வரலாற்றை எழுதுவோரும் அவ்வாறே பாதைகள் மூடப்பட்ட திகதிகளையும் திறக்கப்பட்ட திகதிகளையும் அடுக்குகின்றனர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்தி எழுதியவன் என்ற வகையில் அத்திகதிகள் எனக்கும் மனப்பாடம். ஆயினும் வீட்டில் யார் நிற்பது என்ற கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு அதே ஆண்டுகளைத் திரும்பிப் பார்த்தால், அந்த வரலாறு சற்று வேறாகத் தெரிகிறது.

முதலில் உறவினர்கள் ஏன் தொலைவில் இருந்தனர் என்பதைச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காறுகளைக் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி 1707 ஆம் ஆண்டில் தேசவழமை என்ற பெயரில் தொகுத்தார். தமிழ் முதலியார்கள் பன்னிருவர் அதனைப் பரிசீலித்து ஏற்றுக்கொண்டனர். அதில் முக்கிய இடம் பெறுவது சீதனம். வீடும் வளவும் பெரும்பாலும் பெண்ணுக்குச் சீதனமாகப் போனதால், மணம் முடித்த ஆண் மனைவியின் ஊருக்குக் குடிபெயர்வது பரவலான வழக்கமாயிற்று. எனவே அம்மம்மா வீடு கூப்பிடு தூரத்தில் இருக்கும். அப்பம்மா வீடு வேறோர் ஊரில் இருக்கும். என் தலைமுறைப் பிள்ளைகள் பலருக்குப் 'பயணம்' என்ற சொல்லின் முதற் பொருள் அப்பம்மா வீட்டுக்குப் போவதுதான்.

எங்கள் அப்பம்மாவின் வீடு பருத்தித்துறைக்கு அருகே இருந்தது. வலிகாமத்திலிருந்து அவ்வூருக்கு இருபது மைல்களுக்குள்தான். ஆனால் அதற்கென இரண்டு நாட்கள் முன்னதாகவே ஆயத்தம் தொடங்கும். என் தந்தையின் இளமைக் காலத்தில் அப்பயணம் மாட்டுவண்டியில் நடந்தது. வசதியுள்ளோர் ஒற்றைத் திருக்கலில் போவர். அதன்பின் தட்டி வான் வந்தது. மரத்தினால் கூடு கட்டி, பக்கங்களைத் திறந்தே விட்டிருந்த அந்த வாகனம் கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையே நெடுங்காலம் ஓடியது. மீன் கூடை, வாழைக்குலை, காலைக் கட்டிய கோழி, சில வேளைகளில் ஆட்டுக்குட்டி என்று எல்லாமே மனிதரோடு சரிசமமாக அதில் ஏறின. மிருகங்களும் உறவினர் வீட்டுக்குப் போய்வந்த வாகனம் என்று அதனைச் சொல்லலாம்.

எங்கள் குடும்பத்தின் வாகனம் ஓர் ஒஸ்ரின் ஏ-40. மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் குடாநாட்டு வீதிகளில் அவை செய்யப்பட்ட இங்கிலாந்தில் வாழ்ந்ததை விடவும் நீண்ட காலம் வாழ்ந்தன. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகிய அறுபதுகளிலும் எழுபதுகளிலும் புதிய கார் என்பது கனவாக இருந்தது. ஆகவே பழையவற்றைத் திருத்தித் திருத்தி ஓட்டும் கலை யாழ்ப்பாணத்தில் உச்சத்தை எட்டியது. அச்சுவேலியைத் தாண்டி வல்லை வெளிக்கு வந்ததும் இருபக்கமும் வெட்டவெளி; காற்று காரைத் தள்ளும். பின்னிருக்கையில் நாங்கள் நால்வர். மடியில் பனாட்டுப் பெட்டி.

நாய் வந்ததில்லை. அதனைக் காரில் ஏற்றலாம் என்ற எண்ணம் எவருக்கும் தோன்றியதுமில்லை. செல்லப்பிராணி என்ற சொல் எங்கள் ஊரில் அப்போது வழக்கில் இருக்கவில்லை. நாய் வீட்டுக்குள் வராது. படலையடியில் படுக்கும்; குளிர் நாட்களில் அடுப்புச் சாம்பலில் சுருளும். அதற்காக அது மதிப்பற்றது என்று எண்ணிவிட வேண்டாம். ஊருக்கு ஊர் மரத்தடியில் சூலம் நட்டு வைரவரை வணங்கும் நாடு எங்களுடையது. வைரவரின் வாகனம் நாய். வடைமாலை சாத்தும் நாட்களில் எங்கள் வீட்டு வீமனுக்கும் ஒரு வடை உண்டு.

நாங்கள் அப்பம்மா வீட்டுக்குப் போகும் நாட்களில் வீமனுக்குச் சோறு வைத்தவர் அயல்வீட்டு மாமி. வாசகர்களுள் இளையோருக்காக இங்கே 'பொட்டு' என்பதை விளக்க வேண்டும். கிடுகினாலோ பனையோலையினாலோ அடைத்த வேலிதான் யாழ்ப்பாண வளவுகளின் எல்லை. எல்லைக்காக வழக்குப் பேசி நீதிமன்றம் வரை போன அதே மக்கள், அதே வேலியில் ஓர் ஆள் குனிந்து போகத்தக்க இடைவெளியையும் விட்டு வைத்தனர். அதுவே பொட்டு. நெருப்புத் தணலும் கறிவேப்பிலையும் ஊர்ச் செய்தியும் அதனூடாகப் போய்வந்தன. நாய்கள் அதனைத் தங்கள் இராசபாட்டை என்றே கருதின. நாங்கள் ஊரில் இல்லாதபோது மாமி பொட்டினூடாக எங்கள் வளவுக்குள் வருவார். மாமி குடும்பம் செல்வச்சந்நிதிக்குப் போனால் அம்மா அங்கே போவார். வீட்டில் யார் நிற்பது என்ற கேள்விக்கு விடை அந்தப் பொட்டில் இருந்தது.

நீண்ட பயணங்களும் இருந்தன. 1905 இல் கொழும்பும் யாழ்ப்பாணமும் இருப்புப் பாதையால் இணைந்தபின், அரச உத்தியோகம் பார்த்தவர்களின் குடும்பங்கள் விடுமுறைக்கு ரயிலில் வந்தன. 1956 ஏப்ரலில் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் ஒடியலும் தெற்கே போயின. காரில் போவோர் கண்டி வீதியில் ஆனையிறவைக் கடந்து, முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு போயினர். இருவாரப் பயணமானாலும் மாமிக்கு முன்கூட்டியே அரிசி அளந்து கொடுத்துவிட்டால் போதும்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது ரயில் நின்றது. அவ்வாண்டு ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரம். சோனகத் தெரு வீடுகளிலும் ஆடுகள் இருந்தன, கோழிகள் இருந்தன, கிளிக்கூடுகள் இருந்தன. அவற்றுக்கு யார் தீனி வைத்தார் என்று நாங்கள் அன்று கேட்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்காதவர்களிடம் அது ஐந்து ஆண்டுகள் கழித்து, அதே திகதியில், வந்து சேர்ந்தது.

அந்த ஐந்து ஆண்டுகளில் வெளியுலகுக்கான வழி கடனீரேரியாக இருந்தது. ஆனையிறவிலும் பின்னர் பூநகரியிலும் படைமுகாம்கள் வழியை மறித்ததால் மக்கள் கொம்படி, ஊரியான் சேற்று வழிகளில் நடந்தனர். பின்னர் கிளாலியில் இரவில், விளக்கில்லாத படகுகளில் சென்றனர். ஓர் இயந்திரப் படகின் பின்னால் பல படகுகளைத் தொடுத்து இழுப்பார்கள். 1993 ஜனவரி 2 ஆம் திகதி அக்கடலில் பயணிகள் படகுகள் மீது கடற்படை நடத்திய தாக்குதலில் பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டனர். குடாநாட்டுக்குள் பொருளாதாரத் தடை. பெற்றோல் கிடைக்காத அந்நாட்களில் எங்கள் ஒஸ்ரின் மண்ணெண்ணெயில் ஓடியது. சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு இயந்திரத்தை இயக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது முறை. அமுக்க விகிதம் குறைந்த பழைய இயந்திரங்கள் ஆதலால் அவை அதனைச் சகித்துக்கொண்டன. அப்பம்மாவின் அந்தியேட்டிக்கும் அவ்வாறே, வெண்புகை கக்கியபடி வல்லை வெளியைக் கடந்தோம். அப்போதும் வீமனுக்கு மாமியே சோறு வைத்தார்.

1995 ஒக்டோபர் 17 இல் இராணுவம் ரிவிரெச நடவடிக்கையைத் தொடங்கியது. 30 ஆம் திகதி மாலை, வலிகாமத்து மக்கள் அனைவரும் உடனே வெளியேற வேண்டும் என்று புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தனர். நான்கு இலட்சத்துக்கும் அதிகமானோர் அவ்விரவில் தென்மராட்சியை நோக்கி நகர்ந்ததாகப் பொதுவாக மதிப்பிடப்படுகிறது. நாவற்குழிப் பாலமும் கோப்பாய் - கைதடி வீதியுமே வழிகள். மழை பெய்தது. சில மைல்களைக் கடக்க இரவு முழுவதும் ஆயிற்று. இவையெல்லாம் பலராலும் எழுதப்பட்டவை.

எழுதப்படாதது புறப்படுவதற்கு முந்திய அரைமணி நேரம். எங்கள் வீட்டில் அப்பா பசுவின் கயிற்றை அவிழ்த்துவிட்டார். ஆடுகளையும் அவிழ்த்துவிட்டார். அம்மா கிணற்றடித் தொட்டியை நிரப்பினார். பானையில் இருந்த சோறு முழுவதையும் முற்றத்தில் கொட்டினார். பிறகு பழக்க தோஷத்தால் பொட்டடிக்குப் போனார். அதே வேளையில் மாமி அந்தப் பக்கத்திலிருந்து குனிந்து வந்துகொண்டிருந்தார். வந்தவர், "பிள்ளை, எங்கட கறுப்பனை ஒருக்காப் பாத்துக்கொள்ளும்" என்றார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தனர். அதற்குமேல் அங்கே பேச்சு இருக்கவில்லை.

பயணத்துக்கும் இடப்பெயர்வுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கும் அறிக்கைகள் பலவற்றை நான் தொழில் நிமித்தம் வாசித்திருக்கிறேன். என் அறிவுக்கு எட்டிய விளக்கம் அந்தப் பொட்டடியில் கிடைத்ததுதான். எவ்வளவு தொலைவு போனாலும், பின்னால் ஒருவர் நிற்பாராயின் அது பயணம். எல்லோரும் ஒரே இரவில் போய்விட்டால், பத்து மைல் போனாலும் அது வேறு.

1996 ஏப்ரலில் தென்மராட்சியும் இராணுவத்தின் வசமானதும் பெருந்தொகையானோர் வலிகாமத்துக்குத் திரும்பினர். இன்னும் பலர் கிளாலியைக் கடந்து வன்னிக்குப் போயினர். மாமி குடும்பம் வன்னிக்குப் போனது. நாங்கள் திரும்பி வந்தபோது கூரை இருந்தது, ஒஸ்ரின் இல்லை, பசுவும் ஆடுகளும் இல்லை, வீமனும் இல்லை. எங்கள் அடுப்படிச் சாம்பலில், எலும்பும் தோலுமாக, மாமியின் கறுப்பன் படுத்திருந்தது. அம்மா அன்றைய முதற் கஞ்சியில் ஒரு பங்கை அதற்கு வைத்தார்.

கைவிடப்பட்ட மிருகங்கள் எங்கள் மண்ணுக்குப் புதியன அல்ல. நெடுந்தீவில் ஐரோப்பியர் வளர்த்த குதிரைகளின் வழித்தோன்றல்கள் இன்றும் அத்தீவின் வெளிகளில் கட்டின்றித் திரிகின்றன. ஆங்கில ஆட்சியின் தொடக்க காலத்தில் நோலன் என்ற அதிகாரியின் பொறுப்பில் இருந்த குதிரை லாயத்தின் கற்றூண்கள் இன்னும் அங்கே நிற்கின்றன. எசமானர்கள் போய்விட்டனர், குதிரைகள் தங்கிவிட்டன. சுற்றுலாப் பயணிகள் அவற்றைப் படம்பிடிக்கின்றனர். 1995 இன் நாய்களுக்கும் மாடுகளுக்கும் அத்தகைய நினைவுச் சின்னம் எதுவுமில்லை.

2002 ஏப்ரல் 8 ஆம் திகதி கண்டி வீதி திறக்கப்பட்டது. ஓமந்தையிலும் முகமாலையிலும் சோதனைச் சாவடிகளில் வரிசையில் நின்று, வெளிநாடுகளிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வன்னியிலிருந்தும் உறவுகள் வந்தன. அந்த ஆண்டின் நடுப்பகுதியில் மாமியும் வந்தார். கறுப்பனுக்கு அப்போது வயது போய்விட்டது. ஆயினும் எழுந்து நின்று, அந்நியரைக் கண்டதுபோலவே குரைத்தது. மாமி சிரித்தார். "காவல் நாய் எண்டா அப்பிடித்தான் இருக்கோணும்" என்றார். கூட்டிக்கொண்டு போகிறீர்களா என்று அம்மா கேட்டார். "வேண்டாம், இஞ்ச ஒராள் நிக்கட்டும்" என்று பதில் வந்தது.

அவர் வன்னிக்குத் திரும்பினார். 2006 ஓகஸ்ட் 11 இல் அவ்வீதி மீண்டும் மூடப்பட்டது. 2009 மே மாதத்தில் போர் முடிந்து சில காலத்தின் பின், அக்குடும்பத்தில் எஞ்சியவர்கள் ஊருக்கு வந்தனர். மாமி அவர்களுள் இருக்கவில்லை.

இப்போது பாதைகளுக்குக் குறைவில்லை. 2011 இல் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டது. 2014 ஒக்டோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. கிடுகு வேலிகள் இருந்த இடங்களில் சீமெந்து மதில்கள் எழும்பிவிட்டன. மதிலில் பொட்டு வைப்பதில்லை. பல வீடுகளின் சொந்தக்காரர் ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கின்றனர். சம்பளத்துக்கு ஒருவர் விளக்கேற்றி, முற்றம் கூட்டி, நாய்க்குச் சோறு வைக்கிறார். அந்த நாய்க்கு அவரைத்தான் தெரியும்.

இதனை வாசிப்பவர்கள் எந்நாட்டில் இருந்தாலும், வீட்டில் முதியவர்கள் இருப்பின் அவர்களிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். 1990 இலோ 1995 இலோ வீட்டை விட்டுப் புறப்பட்டபோது எதனை அவிழ்த்துவிட்டு வந்தீர்கள், அதற்கு என்ன பெயர் என்று கேளுங்கள். சொல்வதை எழுதி வையுங்கள். காணி உறுதிகளைப் பாதுகாத்து வைத்திருக்கும் குடும்பங்கள் பலவற்றை எனக்குத் தெரியும். அந்தப் பெயர்கள் எந்த உறுதியிலும் இல்லை.