அயலார் கேட்ட ஐயங்கள்: வீரமாமுனிவரை முன்வைத்து

இரண்டாம் மொழிக் கல்வியின் பயனைப் பேசுவோர் பெரும்பாலும் கற்பவரை மட்டுமே கணக்கில் கொள்கின்றனர். வேலை கிடைக்கும், பார்வை விரியும், மூப்பில் மூளை சோராது என்பன வழக்கமான வாதங்கள். அவற்றுள் சில மெய். சில இன்னும் ஆய்வாளரிடையே விவாதத்தில் உள்ளவை. கற்கப்படும் மொழிக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்போர் அரியர். தமிழ் வரலாற்றில் அக்கேள்விக்கு விடை உண்டு.

இத்தாலியில் 1680இல் பிறந்த வீரமாமுனிவர் என்னும் பெஸ்கி, தமிழகம் வந்தபோது முப்பதை ஒட்டிய வயதினர். அவர் கையில் கிடைத்தவை ஏடுகள். எகர ஒகரக் குறில்களுக்குப் புள்ளியிட்டு நெடிலினின்று பிரிக்க வேண்டும் என்பது தொல்காப்பிய விதி. நன்னூலும் அதையே சொல்கிறது. விதி இருந்தது, ஏட்டில் புள்ளி இல்லை. ஓலையில் எழுத்தாணியால் கீறியோர் அதைப் பெரும்பாலும் விட்டுவிட்டனர். மெய்யெழுத்தின் புள்ளிக்கும் அதே கதிதான். போதாக்குறைக்கு, ரகரமும் காலும் ஒரே வடிவில் எழுதப்பட்டன. ஒற்றைக் கொம்பு, சகரம், கால் என மூன்று குறிகள் அடுத்தடுத்து நின்றால் அதைச் 'சொ' எனலாம், 'சோ' எனலாம், 'சேர' என்றோ 'சேர்' என்றோ படித்தாலும் குற்றமில்லை.

நம் புலவர்களுக்கு இது இடராகத் தோன்றவில்லை. பாட்டு ஏற்கெனவே நெஞ்சில் இருந்தது; மறந்த சீரை எடுத்துக்கொடுக்க ஏடு போதும். எதுகையும் தளையும் மிச்சத்தைக் காட்டிக்கொடுக்கும். ஏட்டை மட்டும் நம்பிப் படிக்க வந்தவருக்கு இந்தத் துணை எதுவும் இல்லை. குறிலுக்குப் புள்ளி என்ற பழைய முறையை விட்டு, நெடிலின் கொம்பைச் சுழித்து வேறுபடுத்தும் முறையைப் பெஸ்கி கொண்டுவந்தார். இன்று 'கெடு', 'கேடு' இரண்டையும் நாம் தடுமாறாமல் படிப்பது அந்தச் சுழியால்தான். புதிதாகப் படிக்க வந்தவரின் தேவை, பிறந்தது முதல் பேசுவோரின் எழுத்தை மாற்றியது.

பேச்சுத் தமிழுக்கு அவர் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணமும் இவ்வகையதே. பேச்சுத் தமிழுக்கு விதி வகுக்கலாம் என்ற எண்ணம் நம் இலக்கண மரபில் வேர்விடவில்லை. வழக்கும் செய்யுளும் எனத் தொல்காப்பியம் தொடங்கினாலும், பின்வந்தோர் செய்யுள் பக்கமே சாய்ந்தனர். தாய்ப்பாலோடு வருவதற்கு இலக்கணம் எதற்கு? ஊர் மக்களோடு பேசியாக வேண்டியவருக்கு அது வேண்டியிருந்தது. பெஸ்கி இலத்தீனில் எழுதிய அந்நூல் 1738இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. அச்சகம் லுத்தரன் சபையாருடையது; பெஸ்கியோ அவர்களைக் கண்டித்து நூல்கள் எழுதிய சேசு சபைத் துறவி. சமயப் பகையையும் மீறி ஒரு பாடநூலுக்கு அவ்வளவு தேவை இருந்திருக்கிறது!

இங்கே இரண்டு மறுப்புகள் எழும். முதலாவது, பெஸ்கிக்கு முன்பே இத்தகைய முயற்சிகள் தமிழில் இருந்தன என்பது. ஓரளவு உண்மை. 1732இல் வந்த அவரது அகராதியான சதுரகராதியைப் புத்தம்புதிய முயற்சி என்போர், சிதம்பர ரேவண சித்தர் 1594இலேயே அகராதி நிகண்டு செய்ததை மறக்கின்றனர். ஆயினும் அது மனப்பாடத்திற்கான நூற்பா வடிவிலேயே நின்றது. தெரியாத சொல்லைத் தேடி எடுக்கும் வசதி, தெரியாதவர் வந்த பிறகே முதன்மை பெற்றது.

இரண்டாவது மறுப்பு கனமானது: பெஸ்கி போன்ற பாதிரிமார் தமிழ் கற்றது மதம் மாற்ற, பின்வந்த ஆட்சியர் கற்றது ஆள. இதை மறுக்க முடியாது, மறைக்கவும் கூடாது. ஆனால் நோக்கம் வேறு, விளைவு வேறு. தென்னிந்திய மொழிகள் வடமொழியினின்று பிறந்தவையல்ல என்று ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் 1816இல் நிறுவியது சென்னைக் கல்லூரியில். அங்கு அதிகாரிகளுக்கு மொழி கற்பித்த உள்ளூர்ப் பண்டிதர்களின் புலமை இன்றி அந்த நிறுவல் இல்லை. மாணவன் கேட்க, ஆசிரியர் தமக்குத் தெரிந்ததை முதன்முறையாக வகுத்துச் சொல்ல நேர்ந்தது. கற்பித்தவர்களின் பங்கைக் குறைத்தே எழுதிவந்திருக்கிறோம் என்பது என் துணிபு.

இன்று தமிழை இரண்டாம் மொழியாகக் கற்போரில் பாதிரிமாரோ ஆட்சியரோ முன்னிற்கவில்லை. திருப்பூர்ப் பின்னலாடை ஆலைகளில் பீகார், ஒடிசா தொழிலாளர்கள் காதால் கேட்டே தமிழ் பேசுகின்றனர். 'பாட்டு', 'பாடு' இரண்டிலும் ஒரே டகரம் இருக்க ஒலி ஏன் மாறுகிறது, 'வந்துகிட்டு இருக்கேன்' என்பது எந்தக் காலம் என்பன அவர்களுக்கு மெய்யான ஐயங்கள். பேச்சுத் தமிழுக்கு விரிவான இலக்கணம் தேடினால் 1999இல் ஹெரால்டு ஷிப்மேன் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலுக்கே போக வேண்டியிருக்கிறது. அந்தத் தொழிலாளர்களின் பிழைகளையும் கேள்விகளையும் தொகுத்தால் தமிழ்த்துறைகளுக்குப் பேச்சிலக்கணத்தின் முதல் வரைவு கிடைக்கும். களப்பணிக்குக் கடல் கடக்க வேண்டியதில்லை. ஆலை விடும் நேரத்தில் வாயிலில் நின்றால் போதும்.