கையில் காசு, பள்ளியில் பிள்ளை: எல்லைப்புறத் தமிழர் வரலாற்றில் ஒரு பக்கம்

பள்ளி என்னும் சொல்லிலிருந்து தொடங்குகிறேன். முற்காலத்தில் சமண முனிவர்கள் தங்கிய இடத்துக்குப் பள்ளி என்று பெயர். அங்கே ஊர்ப் பிள்ளைகளுக்கும் எழுத்துச் சொல்லிக் கொடுத்ததால் கல்விக்கூடத்துக்கும் அந்தப் பெயரே நிலைத்தது என்பது அறிஞர் பலர் கருத்து. சமண நெறியில் கொடை நான்கு: உணவு, மருந்து, அடைக்கலம், கல்வி. எங்க வீட்டுப் பெரியவங்க நான்கையும் சேர்த்தேதான் சொல்லுவாங்க. வயிறு காய்ந்த பிள்ளையிடம் ஏட்டை நீட்டிப் பயனில்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அரசாங்கம் இதை உணர நாளாயிற்று. 1817-இல் திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதி பாய், குடிகளின் கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று ஆணையிட்டார். ஆனாலும் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்கு அந்த வாசல் திறக்க ஏறக்குறைய நூறாண்டு ஆனது. 1920-இல் சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பகல் உணவு தொடங்கினார்கள். ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்பது கணக்கு. 1944-இல் இந்திய அரசு, பட்டியல் சாதி மாணவர்களுக்கு மெட்ரிக்குக்குப் பிந்தைய படிப்புக்கான உதவித்தொகையைக் கொண்டுவந்தது. 1956-இல் காமராசர் மதிய உணவைப் பரவலாக்கினார். சோறு போட்டால் பிள்ளை வரும் என்பது மெய்ப்பட்டது.

அதே 1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநில எல்லைகள் மாறின. அதுவரை சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தில் இருந்த பாலக்காடு கேரளத்தில் சேர்ந்தது. கொச்சிச் சீமையாயிருந்த சித்தூரும், தமிழர் போராடிக் கேட்ட தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றன. எல்லைக்கல் நட்டாயிற்று, ஆனால் கோழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் மக்களுக்குச் சந்தையும் ஆஸ்பத்திரியும் பொள்ளாச்சி, கோவைதான். மூணாற்றுக்காரருக்குப் போடியும் தேனியும்தான். பிழைப்பு ஒரு பக்கம், பதிவேடு ஒரு பக்கம் என்றாகிவிட்டது.

தேயிலைத் தோட்டங்களைப் பாருங்கள். மூணாறு மலைகளில் 1897-இல் கண்ணன் தேவன் கம்பெனி தொடங்கிய காலத்திலும் அதன் பின்னும் கங்காணிமார் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் சீமைகளிலிருந்து ஆள் கூட்டி வந்தார்கள். 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், 6 முதல் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 25 பேருக்கு மேல் இருந்தால் கல்வி வசதி செய்து தரும்படி முதலாளிக்கு விதி வகுக்கலாம் என்றது. ஆகவே லயத்துக்குப் பக்கத்தில் பள்ளி வந்தது. பெரும்பாலும் தொடக்கப் பள்ளி. அதற்கு மேல் படிக்க மலையிறங்க வேண்டும். ஜீப்புக் கூலி, விடுதி, குடை, செருப்பு, நோட்டு என்று செலவு அங்கேதான் தொடங்குகிறது. சம்பளமில்லாப் படிப்பு என்பது செலவில்லாப் படிப்பு ஆகாது.

எனக்குப் பாத்திரக் கடை. முப்பது வருசத்துக்கு மேலாக நான் கண்டது ஒன்று: பழைய பித்தளை அதிகம் விற்பனைக்கு வருவது மே கடைசியிலும் ஜூன் முதலிலும். பள்ளி திறக்கும் நேரம், மழையும் பிடித்துக்கொள்ளும். கூலி வேலை செய்யும் ஒரு அம்மா வருசா வருசம் வருவார். "ஏனுங்கண்ணா, பசங்களுக்குக் குடையும் நோட்டும் வாங்கோணுங்க, எடையைக் கொஞ்சம் பாத்துப் போடுங்க" என்பார். குடம் போனது, அண்டா போனது. ஒரு ஜூனில் வெறுங்கையோடு கடைப் பக்கம் வந்தார். விசாரித்தேன். "இந்த வருசம் விக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க. பெரியவன் செங்கல் சூளைக்குப் போறான்" என்றார். பையன் ஏழாவது முடித்திருந்தான். எத்தனை ரூபாயில் அந்தப் படிப்பு நின்றது என்று அன்றிரவு கணக்குப் போட்டேன். என் கடையில் ஒரு நாள் வியாபாரம்கூட இல்லை.

இந்த இடத்தில்தான் ரொக்க உதவியின் அருமை தெரிகிறது. 1997-இல் மெக்சிகோ அரசு 'புரோகிரேசா' என்ற திட்டத்தில் ஏழைத் தாய்மாரின் கையிலேயே பணம் கொடுத்தது. பிள்ளை ஒழுங்காகப் பள்ளிக்குப் போக வேண்டும் என்பது நிபந்தனை. வகுப்பு உயர உயரத் தொகை உயரும். நடுநிலை வகுப்புகளில் பெண்பிள்ளைக்குக் கூடுதல். ஆராய்ந்தவர்கள் கண்டது, தொடக்கப் பள்ளி முடித்து மேல் வகுப்புக்குப் போகும் அந்தப் படியில்தான் பலன் மிகுதி என்பது. மலையிறங்கும் நம் பிள்ளைகள் தடுக்கி விழும் படியும் அதுவேயன்றோ!

தமிழ்நாட்டில் 2011-12 முதல் 10, 11-ஆம் வகுப்புகளுக்குத் தலா ரூ.1,500, 12-ஆம் வகுப்புக்கு ரூ.2,000 என ஊக்கத்தொகை அறிவித்தார்கள். ஆனால் அதை முதலீடாகப் போட்டுப் பள்ளிப் படிப்பு முடிந்தபின் கொடுக்கும் ஏற்பாடு. பின்னால் வரும் பணம் பரிசு ஆகும்; ஜூன் மாதக் குடை ஆகாது. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும், 2024 ஆகஸ்டில் கோவையில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு மாதம் ரூ.1,000 நேரே வங்கிக் கணக்கில் போட்டன. பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் அந்தந்த மாதமே உதவும் பணம்.

இனி நம் கதைக்கு வருவோம். அந்த ஆயிரம் ரூபாய்க்கு 6 முதல் 12 வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். பிறகு அங்குள்ள அரசு உதவி பெறும் பள்ளிகளின் தமிழ்வழி மாணவரையும் சேர்த்தார்கள். மூணாற்றிலோ சித்தூர் வட்டத்திலோ தமிழ்வழியில் படித்துவிட்டுக் கோவைக் கல்லூரியில் சேரும் பெண் அதில் இல்லை. சரி, கேரளத்தில் பட்டியல் சாதி மாணவருக்குள்ள உதவியை வாங்கலாம் என்றால், 1950 ஆகஸ்டு 10-க்கு முன்பே குடும்பம் இங்கே குடியிருந்ததற்குச் சான்று கேட்கிறார்கள். லயத்தில் பிறந்து லயத்தில் மடிந்தவருக்குப் பட்டா ஏது, வீட்டு வரி ரசீது ஏது? தேவிகுளம் சட்டமன்ற உறுப்பினரின் தேர்தலையே 2023 மார்ச்சில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம்தான் அதை மாற்றியது. குடும்பம் 1950-க்கு முன் வந்ததா என்பதும் அவ்வழக்கில் எழுந்த கேள்வி. எம்.எல்.ஏ.வுக்கே டெல்லி வரை போக வேண்டியிருந்தது என்றால், கொழுந்து பறிக்கும் தாய் எந்த வாசலைத் தட்டுவாள்?

நம்மைப் போன்ற சங்கங்கள் செய்யக்கூடியவை மூன்று. தோட்டங்களின் பழைய செக்ரோல், பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, கோயில், மாதாகோயில் கணக்கு இவற்றில் 1950-க்கு முந்திய பெயர்களைத் தேடிப் படியெடுத்து வைக்க வேண்டும். வரலாறு படிக்கிறவனுக்கு இதைவிட நல்ல வேலை இல்லை. இரண்டாவது, எல்லைப்புறத் தமிழ்வழி மாணவரையும் அந்த மாதத் தொகையில் சேர்க்கும்படி இரு அரசுகளிடமும் மனுக் கொடுக்க வேண்டும். மூன்றாவது, அது நடக்கும்வரை சங்கமே ஒரு நிதி வைத்து, மே மாதத்திலேயே தாயின் கையில் பணமாகக் கொடுக்க வேண்டும். மேடையும் வேண்டாம், போட்டோவும் வேண்டாம்.

ஜூன் மாதத்தில் என் கடைக்குப் பழைய பித்தளை வரத்து குறைந்தால் எனக்கு நட்டம்தான். அந்த நட்டத்தைச் சந்தோசமாக வரவு வைத்துக்கொள்வேன்.