சர்க்கார் கடனுக்குக் காலாவதி உண்டா?

புரோநோட்டு எழுதி வாங்கிக்கொண்டு கடன் கொடுப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். மூன்று வருடத்துக்குள் கோர்ட்டுக்குப் போகாவிட்டால் நோட்டு காலாவதி என்பார்கள். கடன் கொடுத்தது சர்க்காராக இருந்தால்? வழக்குப் போட 1908-ம் வருடச் சட்டம் தந்த அவகாசம் 60 வருடம்! சுதந்திர இந்தியா 1963-ல் அதை 30 ஆகக் குறைத்தது. அதாவது, அப்பா வாங்கிய கடனுக்குப் பிள்ளை காலத்திலும் வழக்கு வரலாம்.

பேரிடர் உதவிக்கும் இப்படி ஒரு சரித்திரம் உண்டு. சேலம் ஜில்லாவை உலுக்கிய தாது வருஷப் பஞ்சத்துக்குப் பின், வெள்ளைக்காரர்கள் 1884-ல் விவசாயிகள் கடன் சட்டம் கொண்டுவந்தார்கள். நம் தாத்தாக்கள் 'தக்காவி' என்ற கடன் இதுதான். விதைக்கும் மாட்டுக்கும் பணம் கிடைக்கும்... தவணை தவறினால் நிலவரி பாக்கி மாதிரியே வசூல், ஜப்தி!

வெள்ளைக்காரன் போய்விட்டான். பில் போகவில்லை.

2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் மலை சரிந்து 250-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். சில மாதங்களில் கேரளாவுக்கு மத்திய அரசிடமிருந்து கடிதம்: விமானப்படை செய்த மீட்புப் பணிக்குச் சுமார் 132 கோடி ரூபாய் பாக்கி. அதில் வயநாட்டுக் கணக்கு சுமார் 13 கோடிதான். மீதியெல்லாம் 2006-லிருந்து சேர்ந்த பழைய பாக்கி! 'இத்தனை வருடம் விட்டுவிட்டு இப்போது ஏன்?' என்று டிசம்பரில் கேரள ஹைகோர்ட் கேட்டது. 2025 ஜனவரியில், 120 கோடியை வயநாட்டுக்குச் செலவிட வசதியாக விதிகளைத் தளர்த்த மத்திய அரசு சம்மதித்தது. விதி தளர்வது வேறு, கடன் ரத்தாவது வேறு.

அமெரிக்காவிலும் இதே தலைவலிதான். புயல் நிவாரணம் வாங்கி, பாலமும் பள்ளியும் கட்டி முடித்த ஊர்களுக்குப் பல வருடம் கழித்து, 'திருப்பிக் கொடு' என்று நோட்டீஸ் வரும். மூன்று வருடக் கெடு சட்டத்தில் இருந்தது. ஆனால், அந்தப் பேரிடரின் மொத்தக் கணக்கும் முடிந்த பிறகுதான் அதை எண்ணவே ஆரம்பிப்பார்கள்! 2018 அக்டோபரில் சட்டத்தைத் திருத்தினார்கள். ஒரு வேலையின் இறுதிச் செலவுக் கணக்கு போய்ச் சேர்ந்த நாளிலிருந்தே மூன்று வருடம். அதற்குமேல் மோசடி இருந்தால்தான் கை வைக்கலாம்.

நமக்கென்ன என்கிறீர்களா? கேரள ஹைகோர்ட் கேள்வி கேட்ட அதே 2024 டிசம்பரில்தான் ஏற்காடு மலைப்பாதையிலும் மண் சரிந்தது. மாரமங்கலம் மாதிரி மலைக்கிராமங்களுக்கு ரோடுதான் உயிர். அதைச் சரிசெய்யும் பணம், பத்து வருடம் கழித்துத் திருப்பிக் கேட்கப்படலாம் என்றால் எந்த அதிகாரி துணிந்து கையெழுத்துப் போடுவார்?

சர்க்கார் தாராளமாகக் கணக்குக் கேட்கட்டும். பொதுமக்கள் பணமாச்சே! ஆனால், புரோநோட்டுக்கு இருக்கிற கெடு நிவாரணத்துக்கும் இருக்கட்டும்.